கேட்காமல் வாசித்த அத்தியாயம்

14 ஜூலை 2024, ஞாயிறு

பிரேமாவதி இன்று எனக்குச் செய்தது அநியாயம். என் நாவலின் ஏழாம் அத்தியாயத்தை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், எங்கள் பழைய ரப்பர் தோட்டத்து ஒன்றுகூடலில் மைக் வைத்து வாசித்துவிட்டாள். மகள் கணினியில் அடித்து அச்சகத்தில் சொல்லி வைத்திருக்கிறாள்; எழுத்துப்பிழை பார்க்கத்தான் கொடுத்தேன். ஊருக்குப் படித்துக் காட்டக் கொடுக்கவில்லை.

தோட்டத்தை விற்று, லயத்து வீடுகளை இடித்துவிட்டார்கள்; ஆளுக்கொரு பக்கம் போன பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை சுங்கைப் பட்டாணியில் மண்டபம் எடுத்துக் கூடிச் சாப்பிடுகிறோம். பிரேமாவதி ஓய்வுபெற்ற ஆசிரியை, எங்கள் தோட்டத்துச் சங்கத்தின் செயலாளர். மைக் அவள் கையை விட்டு இறங்காது. "நம்ம அகத்தா அக்கா ஒரு நாவல் எழுதியிருக்காங்க, யாருக்காச்சும் தெரியுமா?" என்று தொடங்கினாள். அப்போதே எழுந்து போய்ப் பிடுங்கியிருக்க வேண்டும். ஏன் போகவில்லை?

வாசிக்க வாசிக்கப் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். முடித்ததும் கைதட்டினார்கள். ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். என் எழுத்துக்கு மனிதர்கள் கைதட்டி நான் கேட்டதில்லை.

காரில் திரும்பும்போது மகள் கேரன் சொன்னாள்: "அழகம்மா ஆன்ட்டி பாதிச் சாப்பாட்டுல எழுந்து போய்ட்டாங்க. நீங்க பாக்கலையா?"

பார்க்கவில்லை. கைதட்டியவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

15 ஜூலை

அழகம்மாவுக்குக் காலையிலும் மாலையிலும் போன் செய்தேன். எடுக்கவில்லை.

17 ஜூலை, புதன்

பிரேமாவதியே கூப்பிட்டாள். சிரித்துக்கொண்டு.

"அக்கா, ஒரு ஆளு பாக்கி இல்லாம அழுதுட்டாங்க லா. நீங்க என்னடான்னா கேரன்கிட்ட என்னய ஏசுனீங்களாம்."

"யாரக் கேட்டு வாசிச்சே?"

"கேட்டா விட்டிருப்பீங்களா? எத்தன வருஷம் அலமாரியில வச்சுப் பூட்டியிருந்தீங்க. அப்படி யாருக்குத்தான் எழுதுறீங்க?"

"அது என் இஷ்டம்."

"சரிக்கா. வாசிச்சது என் தப்பு. எழுதுனது நானா? ஒரு எழுத்துகூட நான் சேக்கலையே."

போனை வைத்துவிட்டேன். வாத்தியார் வேலை பார்த்தவர்களுக்கு எப்போதும் கடைசி வார்த்தை தங்களுடையதாக இருக்க வேண்டும்.

ஆனால் அவள் ஒரு எழுத்துகூடச் சேர்க்கவில்லை. அது உண்மை.

20 ஜூலை, சனி

நாவலில் வரும் தாமரை, அழகம்மாதான். இங்கேயாவது அதை எழுதி வைக்கிறேன்.

அழகம்மா பிறப்பால் சீனப் பெண். அந்தக் காலத்தில் பெண் பிள்ளையை வளர்க்க வழியில்லாத சீனக் குடும்பங்கள் எங்கள் ஆட்களிடம் கொடுத்துவிடுவார்கள். எங்கள் தோட்டத்தில் மட்டும் அப்படி மூன்று பெண்கள் தமிழ்ப் பிள்ளைகளாகவே வளர்ந்தார்கள். அழகம்மாவை வளர்த்தது இராசாத்தி அத்தை. தன் மகன் காளிதாசனுக்கு வைத்த அதே சோறு, அதே எண்ணெய், அதே அடி. குறை சொல்ல முடியாது.

பெற்றவள் பாசாரில் காய்கறி விற்றாள். ஒரு சீனப் பெருநாளுக்கு முந்திய நாள் அழகம்மா சாமான் வாங்கப் போனபோது, அடையாளம் கண்டு, கையில் ஓர் ஆரஞ்சைத் திணித்திருக்கிறாள். அழகம்மாவுக்கும் யாரென்று தெரிந்துவிட்டது. இராசாத்தி அத்தையின் மனம் நோகும் என்று வீட்டில் சொல்லவில்லை. மறுநாள் பக்கத்து நிரையில் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டிக்கொண்டிருந்த என்னிடம் மட்டும் சொன்னாள். அதுதான் ஏழாம் அத்தியாயம்.

நான் மறைத்துத்தான் எழுதினேன். பெயரை மாற்றினேன். தோட்டத்தின் பெயரை மாற்றினேன். மூன்று பெண்களில் எவள் என்று யாருக்குத் தெரியும் என்று இருந்தேன். கேரன் இன்று சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்:

"பேரு மாத்துனீங்க, சரி. 'வெள்ளச்சி'ய ஏம்மா விட்டீங்க?"

தோட்டத்தில் யாருக்கும் யாருடைய ஐ.சி. அடையாள அட்டைப் பெயரும் தெரியாது. பட்டப்பெயர்தான் பெயர். என் புருஷனுக்கு மோரிஸ் என்று ஒரு பெயர் இருந்ததே அவர் சாவு வீட்டில்தான் பாதிப் பேருக்குத் தெரிந்தது. யாருக்கும் தெரியாத பெயரைக் கவனமாக மாற்றிவிட்டு, அழகம்மாவை எல்லாரும் கூப்பிட்ட வெள்ளச்சியைப் பக்கத்துக்குப் பக்கம் போட்டு வைத்திருக்கிறேன். அப்படிக் கூப்பிடாவிட்டால் அவள் அவளாக வரவே மாட்டேன் என்கிறாள். என்ன செய்வது?

21 ஜூலை

பூசைக்குப் போனேன். மனம் நிற்கவில்லை.

யாருக்கு எழுதுகிறேன் என்று பிரேமாவதி கேட்டது உள்ளே கிடந்து அறுக்கிறது. சங்கம் போட்ட தோட்டத்து நினைவு மலரில் கணக்கெழுதிய கிராணி உண்டு, வேலை வாங்கிய தண்டல் உண்டு, பந்து விளையாடியவர்கள் உண்டு. இருட்டில் எழுந்து மரத்துக்குப் போன பெண் ஒருத்தியும் இல்லை. அதைப் படித்த அன்று ஆத்திரத்தில்தான் உட்கார்ந்தேன். நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும் என்று.

பிறகு ஏன் பூட்டி வைத்தேன்? "இதெல்லாம் ஒரு எழுத்தா" என்று யாராவது சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு நான் எங்கே போவது?

28 ஜூலை, ஞாயிறு

பெண்டாங் போனோம். அழகம்மா அங்கே மகன் தேவனோடு இருக்கிறாள். கேட்டைத் திறந்தாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. பாத்திரம் கழுவிய கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே நின்றாள்.

"ஒங்கிட்ட மட்டுந்தான்டி சொன்னேன்."

"பிரேமாவதி என்னக் கேக்காம—"

"பிரேமாவதிகிட்டயா நான் சொன்னேன்?"

அப்புறம் அவளே பேசினாள்.

"எங்கண்ணன் போன் போட்டாரு. பெத்தவ குடுத்தத அங்கயே நின்னு உரிச்சுத் தின்னியாமே, மன்னிச்சிட்டியாமே, எங்கம்மா ஒனக்கு ஊட்டுனது பத்தலையான்னு கேட்டாரு. இந்த வயசுல, அகத்தா. அதோட போன வச்சிட்டாரு. நான் எப்போ தின்னேன்? சாக்கடையில வீசுனேன்னுதான ஒங்கிட்ட சொன்னேன்? அந்த மண்டபத்துல ஆளாளுக்கு வந்து கட்டிப்பிடிச்சு அழுவுறாளுங்க, பெத்த மனசு, பெத்த மனசுன்னு. நான் அவள மன்னிக்கல. ஒனக்குத் தெரியும்."

"அது நாவல்டி. தாமரைதான் தின்னா. நீ இல்ல."

"அப்போ அவளுக்கு வேற பட்டப்பேரு வையேன்."

கேட்டைச் சாத்திவிட்டாள். எனக்கும் கோபம்தான். நாற்பது வருஷம் பக்கத்து நிரையில் நின்றவளை வாசலோடு அனுப்புகிறாள். வரும் வழியெல்லாம் கேரனிடம் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் ரேடியோவைப் போட்டாள்.

4 ஆகஸ்ட்

ஏன் தின்ன வைத்தேன்?

முன்பு ஞாயிறு பத்திரிகைக்கு அனுப்பிய கதைகள் திரும்பி வந்துவிடும். ஓர் ஆசிரியர் மட்டும் ஒரு வரி எழுதியிருந்தார், முடிவு கசப்பாக இருக்கிறது, வாசகர் விரும்ப மாட்டார் என்று. அவர்மேல் எனக்கு இன்றுவரை கோபம். ஆனால் ஏழாம் அத்தியாயத்தில் அவர் சொன்னதைத்தான் செய்திருக்கிறேன். அவள் வீசியதை எழுதினால் யாருக்கும் பிடிக்காமல் போய்விடுமோ என்று தின்ன வைத்தேன். கைதட்டலும் வந்தது. அழகம்மாவை விற்று வாங்கிய கைதட்டல்.

பிரேமாவதி செய்தது தவறுதான். அதை நான் விடப்போவதில்லை. இது வேறு.

11 ஆகஸ்ட்

அவள் சொன்னபடியே திருப்பி எழுதினேன். வாழ்நாளில் நான் எழுதியதில் இதுதான் நல்ல எழுத்து.

18 ஆகஸ்ட், ஞாயிறு

தேவனைக் கெஞ்சி அழகம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. புதிய அத்தியாயத்தை முழுக்க வாசித்துக் காட்டினேன். நடுவில் வைத்துவிட்டாளோ என்று இரண்டு முறை "இருக்கியா?" என்று கேட்டேன்.

"இருக்கேன், படி."

முடித்தேன்.

"இப்படித்தான் நடந்துச்சு. அந்த ஈரத் தரை, அவ ஆரஞ்சத் திணிச்ச விதம் எல்லாம். நான் சொன்னதெல்லாம் எப்படி ஒனக்கு ஞாபகம் இருக்கு?"

"அப்போ இதப் போடலாமா?"

"வேணாம்."

"உண்மைதானடி இது. ஒங்கண்ணனுக்கும் தெரியட்டும், நீ வீசிட்டேன்னு."

"வீசுனேன்னு சொல்லி அண்ணன்கிட்ட நல்ல பேரு வாங்கணுமா? பெத்தவளும் செத்துட்டா, எங்கம்மாவும் செத்துட்டா. ஒருத்திய வச்சு இன்னொருத்திய நான் அடிக்க மாட்டேன். அப்படி ஒண்ணு நடக்கவே இல்லன்னு சொல்லு. நீயா கட்டுனதுன்னு சொல்லு."

"நான் பொய் எழுதுறவளா?"

"மொதல்ல எழுதுனது என்னவாம்?"

"வேல கெடக்கு" என்று சொல்லி வைத்துவிட்டாள். இனி எப்போது வருவாய் என்று அவளும் கேட்கவில்லை. வரட்டுமா என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

19 ஆகஸ்ட்

நானே கட்டினேன் என்று சொல்ல முடியாது என்று காலையில் நினைத்தேன். மத்தியானமும்.

25 ஆகஸ்ட், ஞாயிறு

செய்ய வேண்டியவை.

கேரன்: அந்த அத்தியாயத்தின் இரண்டு வடிவத்தையும் கணினியிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஒரு காப்பி இருக்கட்டுமே என்று எனக்காக ஒளித்து வைக்கக் கூடாது. அச்சகத்துக்குப் போன் செய்து, புத்தகம் இந்த வருஷம் இல்லை என்று சொல்ல வேண்டும். காரணம் கேட்டால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லலாம்.

பிரேமாவதி: தன்னிடம் உள்ள தாள்களைத் திருப்பித் தர வேண்டும். அன்று வாசித்ததை யாரோ போனில் பிடித்துத் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள்; அதை எடுக்க வைப்பது அவள் பொறுப்பு. சங்கத்துத் தீபாவளி விருந்தில் எனக்கு மைக் தர வேண்டும். பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லக் கூடாது.

தேவன்: அம்மாவைக் கட்டாயப்படுத்தி அந்த விருந்துக்கு அழைத்து வர வேண்டாம்.

காளிதாசன் அண்ணன்: அவராகத் தங்கையைக் கூப்பிட வேண்டும். அதற்கு முன்னால் நான் அவர் வீட்டுக்குப் போய், அந்த ஆரஞ்சும் அந்தக் காய்கறிக்காரியும் நான் கட்டியவை என்று சொல்ல வேண்டும். நம்பமாட்டார். நம்பும்வரை சொல்ல வேண்டும்.

நான்: விருந்தில் எல்லார் முன்னாலும் அதையே சொல்ல வேண்டும். வெள்ளச்சி என்ற பெயரை மட்டும் கடன் வாங்கினேன், மற்றதெல்லாம் என் கற்பனை, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று. அழக் கூடாது. யாராவது கைதட்டினால் உட்கார்ந்துவிட வேண்டும்.

அழகம்மா: அவள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.