பழைய போர்டும் உன் முடிச்சும்

மச்சான், இன்று காலையில் நம் கடைக் கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். முதலில் வந்தது கருவாட்டு வாசம். பக்கத்து மீன் வாடியில் காய்கிற கீரி மீனெல்லாம் இந்தப் பெட்டிக்குள்தான் குடியிருக்கிறது போல. அந்த வாசத்தோடு நீயும் வந்தாய். கற்பிட்டியில் நாம் கல்யாண வீடியோ கடை திறந்த நாளிலிருந்து, இந்தத் தகட்டைப் பூட்ட விடாதவன் நீதானே. "கடல் காத்து சும்மா வருது. அதத் தகடு போட்டு மறைக்கிறவன் மடையன்டா" என்பாய். அந்தக் காற்றோடு உப்பும் வருகிறது என்று சொன்னால் காதில் வாங்க மாட்டாய். நீ மௌத்தாகி மண்ணுக்குள் போன பிறகுதான் தகட்டைப் பூட்டினேன். அதற்குள் உள்ளே இருந்த திருகாணி எல்லாம் துருவேறிவிட்டது. மடையன் யார் என்று இப்போது தெரிகிறதா?

சில மாதங்களாக மெஷின் ஆமையாகிவிட்டது. ஒரு பாட்டுக்குப் படம் ஒட்டினால் பாதியில் நின்றுவிடுகிறது. கனமூலைக் கல்யாண வீடியோ ஒன்று முடியாமல் கிடக்கிறது. மணமகளின் வாப்பா தினமும் போன் எடுக்கிறார். "தம்பி, புள்ளைக்குப் புள்ள கெடச்ச பொறகா வீடியோ தரப் போறீங்க?" என்று நேற்று கேட்டார். அந்த ஊரில் ஒரு வீட்டில் பெயர் கெட்டால் அடுத்த கல்யாணத்துக்கு எவனும் கூப்பிட மாட்டான். ஆலங்குடாவில் வெள்ளைக்காரர் பட்டத்தில் தொங்கிக் கடலில் சறுக்குவதைப் படம் பிடிக்கிற பையன்கள் இப்போது கல்யாணத்துக்கும் இறங்கிவிட்டார்கள். அவர்களுடைய மெஷினுக்குள் சிவப்பும் நீலமுமாக லைட் எரிகிறது. படத்தில்தான் வெளிச்சத்தைக் காணோம்.

நேற்று புத்தளம் டவுனிலிருந்து கம்ப்யூட்டர் திருத்துகிற ஒருவனைக் கூப்பிட்டேன். வந்தான், உன் கதிரையில் உட்கார்ந்தான், மெஷினைப் போட்டுப் பார்த்தான். பெட்டியைத் தொடக்கூட இல்லை.

"நானா, இது பழைய சாமான். புரோசசர மாத்தணும். புதுப் புரோசசர் இந்த போர்டுக்குப் பொருந்தாது, போர்டையும் மாத்தணும். போர்ட மாத்தினா இந்த ரேமும் சரிவராது."

"அப்ப மிஞ்சுறது என்ன?"

"கேசிங் பெட்டி இரிக்கிதானே நானா."

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிறவன் இவன்தான். பழைய போர்டைத் தானே கொண்டுபோவதாகவும் சொன்னான். எனக்குச் சிரமம் வைக்கக் கூடாதாம், அவ்வளவு நல்ல மனம். ஆனாலும் கனமூலையை நினைத்துப் பயந்து, சரி, நாளைக்கு வா என்று சொல்லிவிட்டேன்.

அவன் போன பிறகும் மனம் ஆறவில்லை. நீ இருந்தால் அவனை இப்படி எழுந்து போக விட்டிருக்க மாட்டாய். "புதுசு வாங்கச் சொல்றவன்கிட்ட ஒண்டு கேளு, பழசத் தொறந்து பாத்தியா எண்டு" என்பது உன் வேதவாக்கு. அதனால்தான் இன்று அவன் வருவதற்கு முன் திறந்தேன்.

திறந்தால், புரோசசரின் மேல் உட்காரும் விசிறி தங்கூசி நூலால் கட்டிக் கிடக்கிறது. மீன் தூண்டிலுக்குக் கட்டுகிற அதே தங்கூசி. பார்த்ததும் நினைவு வந்தது. விசிறியின் பிடி உடைந்த அன்று, புத்தளத்துக்குப் போய் வேறு பிடி வாங்கி வருகிறேன் என்றேன். "ஒரு பிடிக்கு பஸ் ஏறுறதா? பாரை மீன் இழுத்தாலும் அவுறாத முடிச்சு இது" என்று குனிந்து கட்டினாய். தோணிக்காரர் வீட்டுப் பிள்ளைதான் நீ, ஆனால் தோணியில் ஏறினால் கரை மறைவதற்குள் வாந்தி எடுப்பாய். கடலுக்குப் போகிற உன் வாப்பாவின் தம்பிமார், உன் சாச்சாமார், அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். கடலிலிருந்து நீ கொண்டுவந்தது முடிச்சு ஒன்றுதான். கேமராக் கால், வயர், ஜன்னல் என்று கண்ணில் பட்டதையெல்லாம் கட்டினாய்.

ரெண்டு நாளைக்கு என்று கட்டியது, உனக்குப் பிறகும் கிடந்திருக்கிறது. சூட்டில் நூல் இழுபட்டு, விசிறி மேலே தூக்கி நிற்கிறது. விரலால் தொட்டால் ஆடுகிறது. பாவம் புரோசசர், வெந்து சாகாமல் இருக்கத்தான் மெதுவாக ஓடியிருக்கிறது. அதைத்தான் அந்தக் கெட்டிக்காரன் கிழடு என்றான். உன்னை வாயார ஏசினேன் மச்சான். மௌத்தானவர்களை ஏசக் கூடாது என்பார்கள். அதைச் சொன்னவர்கள் உன்னோடு கடை நடத்தியதில்லை.

போர்டைக் கொடுத்தால் உன் முடிச்சும் அவனுடைய சாக்குக்குள் போய்விடும். போர்டை வைத்துக்கொண்டால் முடிச்சை நானே எடுக்க வேண்டும். நீ கட்டியதில் இந்தக் கடையில் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். நீ இல்லாதது இன்றைக்கு நன்றாகவே வலித்தது.

அவனுக்குப் போன் எடுத்து, வர வேண்டாம் என்றேன்.

"ஏன் நானா?"

"பெட்டியத் தொறந்து பாத்தீங்களா?"

"தொறக்கத் தேவல்ல நானா. பாத்தாலே தெரியும்."

"ஓம், எனக்கும் உங்களப் பாத்தாலே தெரிஞ்சிச்சு" என்று சொல்லி போனை வைத்தேன். வைத்த பிறகுதான், அது உன் குரல் என்று உறைத்தது. நீ விட்டுப்போனது உன் இளக்காரம்தான். அதை நான் செலவழித்துக்கொண்டிருக்கிறேன்.

அலுமாரிக்குப் பின்னால் கிடந்த செத்த மெஷின் ஒன்றிலிருந்து விசிறிப் பிடியைக் கழற்றி இதில் மாட்டினேன். போன் திருத்துகிற கடையில் புரோசசரின் சூட்டை விசிறிக்குக் கடத்துகிற பசை கொஞ்சம் வாங்கித் தடவினேன். அஸர் தொழுகைக்கு முன்பே கனமூலை வீடியோ முடிந்துவிட்டது. அதே போர்ட், அதே புரோசசர்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். தளர்ந்தது நூல்தான், முடிச்சு இல்லை. நகத்தால் கிள்ளினேன், ஊசியால் நெம்பினேன், அசையவில்லை. கடைசியில் கத்தியால் நூலைத்தான் அறுத்தேன். முடிச்சு முழுதாக மேசை லாச்சிக்குள் இருக்கிறது. உன் சாச்சாமாரில் யாராவது கடைப் பக்கம் வந்தால் கையில் கொடுப்பேன். அவிழ்க்கட்டும், பார்ப்போம்.