என் தம்பி உனக்குச் செய்த போன்

என் உயிர் மாப்ளே செல்வம்,

நீ போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. கடலாடியில் உன் செல்போன் கடை பூட்டியே கிடக்கிறது. உன் மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாளாம். வந்து பார்க்கத் தைரியமில்லை. எந்த முகத்தோடு வருவது? உன்னை வெட்டியவர்களுக்கு நீ கடையில் இருப்பதைச் சொன்னவன் என் தம்பி பாண்டி.

போலீஸ் வேலைக்கு மூன்று தடவை ஓடித் தோற்று, சோறு இறங்காமல் கிடந்தானே, நினைவிருக்கிறதா? "விடுறா, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று பைக்கில் ஏற்றிப் போய்ப் பரோட்டா வாங்கிக் கொடுத்தாய். நான்? சொந்தக்காரர்கள் முன்னால் "தண்டச்சோறு" என்றேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் சாதிச் சங்கத்துக்காரர்கள் அவனைக் கூப்பிட்டார்கள். பேனரில் படம் போட்டு, 'வீரத்தம்பி' என்று எழுதினார்கள். நாள் முழுக்கப் போனில் வீடியோ. நம்ம ஆளை அடிச்சுட்டான், நம்ம பொண்ணை இழுத்துட்டுப் போயிட்டான் என்று ஒரே கத்தல். ஒருநாள் உன் வீட்டில் சாப்பிட்டு வந்த என்னிடம் கேட்டான்: "அண்ணே, அவங்க தெருவுல போயி எதுக்குக் கை நனைக்கிற?" நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அன்றைக்கே சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் நின்றிருப்பானா?

கமுதிப் பக்கம் எங்கள் சாதிக்காரன் ஒருவனைக் கொன்றுவிட்டார்கள். பதிலுக்கு உங்கள் ஆள் ஒருவன் வேண்டும், யாராக இருந்தாலும் சரி என்று சங்கத்தில் முடிவெடுத்திருக்கிறார்கள். மறுநாள் மதியம் பாண்டி என் பக்கத்தில் உட்கார்ந்துதான் உனக்குப் போன் செய்தான்.

"அண்ணே, கடையிலயா இருக்கீக?"

"ஆமாடா தம்பி, வா, டீ குடிக்கலாம்." உன் குரல் எனக்கும் கேட்டது. சார்ஜர் வாங்கப் போகிறான் என்று நினைத்து, நான் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

பாண்டியைப் பிடித்துப் போன பிறகு ஜெயிலில் போய்ப் பார்த்தேன். "செல்வம்டா. நம்ம செல்வம்டா" என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "தெரியும்ணே. மாட்டேன்னா, நீயெல்லாம் ஒரு ஆம்பளையான்னு கேப்பாங்கண்ணே. அங்கனதான் என்னைய மனுசனா மதிச்சாக."

அந்த "அங்கன"வுக்கு அவனைத் துரத்தியதில் எனக்கும் பங்கு இல்லையா?

அந்தப் போனைக் கேட்ட சாட்சி நான் ஒருவன்தான். "கேக்கலேன்னு சொல்லிருய்யா. ஒன் கூடப்பொறந்தவன்யா" என்று அம்மா என் காலைப் பிடிக்கிறாள். பெற்றவள் காலில் விழும்போது என்ன செய்வது, மாப்ளே? நீ இருந்தால் உன்னிடம்தான் கேட்டிருப்பேன்.

விசாரணை நாளில் கூண்டில் ஏறுவேன். காதில் விழுந்ததை விழுந்தபடி சொல்வேன். இறங்கிய பிறகு எந்த வீட்டுக்குப் போவேன் என்று தெரியவில்லை. ஆனாலும் சொல்வேன்.

உன் மச்சான்,
பாண்டியின் அண்ணன்,
முருகேசன்