உள்ளே போனதற்கு ஒரு தேங்காய்

தை, திங்கள்

விடியத் தொடங்கிப் பனி. எம்மன்புரூக்கே பஸ் பிந்தி வந்தது. சப்பாத்துக்குள் ஈரம். முதியோர் இல்லச் சலவையறையில் பெரிய மெஷின் திரும்பவும் நின்றுபோச்சு. முருகா.

பின்னேரம் தம்பி மகள் அபியின் ஐஸ் ஹொக்கிப் பை என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. தம்பி சிவா தன் வீட்டில் வைக்க விடமாட்டானாம். மகளைச் சுவிஸ் அணியில் எடுத்திருக்கிறார்கள், பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்களின் உலகப் போட்டி. வேறு தகப்பன் என்றால் ஊரெல்லாம் சொல்லித் திரிவான். இவனுக்குக் கோபம். தைப்பூசத்தன்று எங்கள் குடும்ப உபயம், அபி பாற்குடம் எடுக்கவேணும். அன்றைக்குத்தான் நொஷாட்டலில் கனடாவோடு மட்ச்.

சிவாவைப் போனில் பிடித்தேன்.

"அக்கா, அவள் கோயில்ல நிக்கோணும். நிக்காட்டில் இதோட ஹொக்கி முடிஞ்சுது."

"முடிஞ்சுதெண்டு சொல்ல நீ ஆரடா?"

"நான் தகப்பன்."

"நான் உன்ரை மூக்குச் சீறி விட்டவள்."

வைத்துவிட்டான்.

பை மணக்குது. பழைய மீன் மாதிரி. கால் மறைப்புகள் பல்கனியில். ஹெல்மெட் மட்டும் சாமித் தட்டில், விபூதி பூசி. பிள்ளையாருக்குப் போன மாதமே நேர்ந்துவிட்டேன், ஒவ்வொரு கோலுக்கும் ஒரு தேங்காய்.

செவ்வாய்

வெயில், ஆனால் குளிர். நாரி நோ, இடுப்பை நிமிர்த்த முடியவில்லை.

வெட்கக்கேடு. எழுதவும் கூச்சம்.

இல்லத்தில் இருக்கும் ரூடி ஐயாவுக்கு உடுப்புக் கொண்டுபோனேன். ஹொக்கிப் பைத்தியம். உலகப் போட்டிகளில் தனி ஆளாக நின்று காட்டியவர்கள் என்று ஐந்து பேர் வைத்திருக்கிறார், விரலுக்கு ஒருவர். சுண்டுவிரல், ஒரே மட்சில் விடாமல் அடித்தவன். மோதிரவிரல், முகத்தில் தையலோடு திரும்பி வந்து அடித்தவன். பெருவிரல் மட்டும் ஒரு கோலி, சின்ன நாட்டுக்காரன், அதுவும் தோற்றுப்போன மட்ச்.

"தோத்தவனுக்கோ பெருவிரல்?" என்று என் அரைகுறை டொச்சு மொழியில் கேட்டேன்.

"மற்ற எல்லாரும் களைத்தார்கள். அவன் நின்றான்" என்றார்.

என் மருமகளும் கோலிதான் என்றேன். நேர்த்தியையும் சொன்னேன். மனிதன் இருமல் வரும்வரை சிரித்தார். கோலி என்றால் கோல் அடிக்கிற ஆள் என்றல்லோ இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்! மறிக்கிற ஆளாம். அந்தப் பெரிய மறைப்புகளைப் பார்த்தாவது விளங்கியிருக்கவேணும். அவளின் மட்ச் எல்லாம் வெள்ளியும் ஞாயிறும், நான் கோயிலில். ஒன்றுக்கும் போனதில்லை.

போன கிழமை பயிற்சி மட்ச் முடிந்து "மாமி, ஆறு கோல்" என்று போனில் விக்கி விக்கி அழுதாள். ஆனந்தக் கண்ணீராக்கும் என்று "கெட்டிக்காரி!" என்றேன். ஆறு தேங்காய் உடைத்தேன். அது அவள் உள்ளே விட்ட ஆறு.

இரவுப் பூசையில் பிள்ளையாரோடு நேராகக் கதைத்தேன். நேர்ந்தது நேர்ந்ததுதான், மாற்றமாட்டேன். ஆனால் இனி என்னிடம் கனக்கத் தேங்காய் எதிர்பார்க்கவேண்டாம். சொல்லிவிட்டேன்.

வெள்ளி

அபி அணியோடு போய்விட்டாள். ஹெல்மெட்டில் விபூதி அப்படியே. துடைக்கவில்லை.

கோயிலில் மாலை கட்டினோம். ரஞ்சியக்கா தொடங்கினா.

"என்ன, உம்மடை மருமகள் பாற்குடத்தை விட்டிட்டுச் சறுக்கப் போயிட்டாளாம்?"

"ஓம்."

"கனடாவோடையாமே. என்ரை அண்ணன்ரை பிள்ளையள் அங்கை நடக்க முதல் சறுக்கினதுகள். பெட்டை பாவம்."

"பாவமோ புண்ணியமோ, நான் பாக்கப் போறன்."

"தைப்பூசத்தண்டோ! நீரோ!"

"முருகன் மலை மலையாத் திரிஞ்சவர். நொஷாட்டல் அவருக்குத் தூரமே?"

நூல் அறுந்தது. முதுகுக்குப் பின்னால், "மாமிக்கும் மருமகளுக்கும் ஒரே விசர்." எனக்குக் கேட்கத்தான் சொன்னது. கேட்டது. மாலையை முடித்துவிட்டுத்தான் எழும்பினேன்.

ஞாயிறுக்கு: கம்பளிச் சால்வை, விபூதி, மோதகம், காலுக்கு இரண்டு சோடி மேஸ், நாரி நோவுக்கு விழுங்கும் குளிசை.

ஞாயிறு, தைப்பூசம்

தலை முழுகி, விளக்கேற்றி, முதல் ரயில். காஞ்சிபுரச் சேலைக்கு மேல் தடித்த ஜக்கெட். எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

தோற்றால் வெளியே என்கிற மட்ச். அபியைத் தேடினேன், முகமூடிக்குள் எல்லாரும் ஒரே மாதிரி. விபூதிக் கறைதான் காட்டித் தந்தது.

கனடாப் பிள்ளைகள் காற்று மாதிரி வருகிறார்கள். எங்கள் பக்கமே விளையாட்டு, மற்றப் பக்கம் ஐஸ் அழுக்குப்படவில்லை. கறுப்பு வட்டு கண்ணுக்குத் தெரியாத வேகம். அபி காலால், கையால், நெஞ்சால். ஒருமுறை விழுந்து கிடந்தபடி காலை உயர்த்தினாள். பக்கத்து வெள்ளைக்காரி என் கையை இறுக்கிப் பிடித்தா, யாரென்றே தெரியாது. பிறகு மண்டபம் முழுக்க "அபி! அபி!" கனடாக் கொடி வைத்திருந்தவர்களும்தான். அர்ச்சனையில் அவளின் பெயரைச் சொல்லியிருக்கிறேன், இத்தனை வாய் ஒன்றாகச் சொல்லக் கேட்டதில்லை.

கடைசிப் பகுதியில், கால்களுக்கு நடுவால் ஒன்று. உள்ளே.

அவ்வளவுதான். எங்களுக்கு ஒன்றுமில்லை. தோல்வி.

முடிவில் இரண்டு அணியிலும் திறமான ஆளைக் கூப்பிட்டார்கள். எங்கள் பக்கம் அபி. கனடாக்காரிகள் தடியால் ஐஸில் தட்டினார்கள். அது கைதட்டலாம்.

வெளியே வந்தாள், முகம் வீங்கி.

"மாமி, ஒண்டு போட்டுது."

"பாத்தனான். மிச்சத்தையும் பாத்தனான்."

மோதகத்தை வாங்கிக் கடித்தாள். இரவு என் வீட்டில் படுக்கிறாள். பையும் வந்தது. மணம் இரண்டு மடங்கு.

திங்கள்

பனி இல்லை. தெரு முழுக்கச் சேறு.

ரூடி ஐயா ரீவியில் பார்த்திருக்கிறார். வலது கையில் ஐந்து விரலையும் விரித்தார். பிறகு ஆறாவதாக இடது பெருவிரலை உயர்த்தினார். போர்வையை இரண்டு தரம் மடித்தேன், கண் தெரியவில்லை.

பின்னேரம் கோயில். சிவா அண்டா கழுவிக்கொண்டு நின்றான். ரஞ்சியக்காவும்.

"அவளின்ரை குடத்தை ஆர் எடுத்தது?" என்றேன்.

ரஞ்சியக்காதான் சொன்னா. "தகப்பன்தான். தலையில பாற்குடம், இடுப்பில மட்ச் ஓடுற போன். பூசைக்கு நடுவில போன் கோலெண்டு கத்துது, பால் அரைவாசி சட்டையிலை."

சிவா அண்டாவை இன்னும் அழுத்தித் தேய்த்தான்.

பிள்ளையாருக்கு முன்னால் போய் ஒரு தேங்காய் அடித்தேன். சிதறியது.

"தோத்ததுக்கோ தேங்காய்?" ரஞ்சியக்கா.

"உள்ளை போனது ஒண்டு. அது பிள்ளையாருக்கு. போகாததெல்லாம் என்ரை பெட்டையின்ரை. அதிலை அவருக்கும் பங்கில்லை, உங்களுக்கும் இல்லை."

என் வீட்டு வாசல்வரை சிவா பின்னால் வந்தான்.

"அக்கா, அவளின்ரை பை எங்கை?"

"ஏன், எறியவோ?"

"நாளைக்குப் பயிற்சியாம். கார்ல போட."

தூக்கித் தரவில்லை. பல்கனியைக் கையால் காட்டினேன். அவனே தூக்கட்டும். கார் முழுக்க மணக்கட்டும்.