நீலப் பொட்டு வைத்த கல்

இன்று உன் மகள் வந்திருந்தாள். கைக்குட்டையில் சுற்றிய ஒரு கல்லை மேசையில் வைத்து, "அம்மா தவறினப்புறம் அலமாரியில கெடச்சுது ஆன்ட்டி. உங்ககிட்ட சேக்கச் சொல்லியிருந்தாங்க" என்றாள். பிரித்தேன். சாம்பல் நிறக் கல்லில் கைரேகை மாதிரி வரிவரியாக, கல்லாகிப்போன ஒரு மீனின் ஓடு. ஓரத்தில் நீலச் சாயப் பொட்டு. அடிப்பாவி, இது உன்னிடமா இருந்தது!

நம் பெண்கள் பள்ளியில் நீயும் நானும் இயற்கை அறிவியல் டீச்சர்கள். நமக்கு முன்னால் அந்தப் பாடம் நடத்திய பிரெஞ்சுக்கார மதாம் ஊர் திரும்பும்போது ஒரு பெட்டிக் கற்களை நம்மிடம் விட்டுப்போனார். பிரான்ஸில் ஒரு மலைச்சரிவில் வெட்டியெடுத்தவை. தாடையே இல்லாமல் வாழ்ந்து, பூண்டோடு அற்றுப்போன மீன்கள். ஒரு பாறையில் எந்த மீன் கிடக்கிறதோ, அதை வைத்தே பாறையின் வயதைச் சொல்லிவிடலாம் என்பார். அடி அடுக்குக்குச் சிவப்பு, நடு அடுக்குக்கு மஞ்சள், மேல் அடுக்குக்கு நீலம். அவர் வைத்த பொட்டுகளைத் தவிர வேறு அடையாளமே கிடையாது. எந்த மீன் எந்த அடுக்கென்று வரைந்து வைப்போம் என்றேன். "பூஜை லீவு முடியட்டும்டி" என்றாய்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய அடுத்த வருஷம் அது. புதிதாக வந்த தலைமையாசிரியை, ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைக்கச் சொன்னார். நான் அம்மாவுக்குக் காய்ச்சலென்று உழவர்கரை போயிருந்தேன். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி, பூஜையில் ஒதுங்கி நிற்கிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று நீ எங்கள் எல்லோரையும் மிஞ்சிவிட்டாய். புளியும் சாம்பலும் தேங்காய் நாருமாக ஒவ்வொரு கல்லையும் தேய்த்திருந்தாய். நான் வந்தபோது அவை பளபளவென்று வரிசையாக உட்கார்ந்திருந்தன, சாயப் பொட்டு இருந்த இடத்தில் குங்குமத்தோடு.

"குத்துவிளக்காடி இது? அறிவிருக்கா உனக்கு?" என்று பிள்ளைகள் முன்னாலேயே கத்தினேன். "நல்லாத்தானே இருக்கு" என்றாய், தரையைப் பார்த்துக்கொண்டு. அதோடு நம் பேச்சு நின்றது. எது எந்த அடுக்கென்று எழுதிக் கேட்கலாமென்றால் மதாமும் அதற்குள் காலமாகியிருந்தார். "எந்த அடுக்குன்னே தெரியாத கல்ல வச்சு என்ன பண்றது?" என்று தலைமையாசிரியை அத்தனையையும் தோட்டத்துப் பாத்திக்குக் கரை கட்டப் போட்டுவிட்டார். அறுபத்திரண்டில் நீ குடும்பத்தோடு பிரான்ஸுக்குக் கப்பலேறினாய். வழியனுப்பக்கூடக் கடற்கரைப் பக்கம் நான் வரவில்லை.

"வரையறதுக்குன்னு அம்மா ஒண்ண மட்டும் முன்னாடியே வீட்டுக்கு எடுத்துட்டு வந்திருந்தாங்களாம். உங்க கோவத்துக்குப் பயந்துதான் திருப்பிக் குடுக்கலயாம்" என்கிறாள் உன் மகள்.

பயமாம், பயம்! இந்த ஒன்றைக் காட்டியிருந்தால், இதே வரி ஓடிய கற்களையெல்லாம் பொறுக்கி மேல் அடுக்கென்று எடுத்து வைத்திருப்போமே. மூன்றில் ஒரு அடுக்காவது பிழைத்திருக்கும். நீயும் எனக்கு மிஞ்சியிருப்பாய். அந்த மீனுக்குத்தான் தாடை இல்லை, உனக்கென்னடி கேடு? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இனி யாரிடம் போய்ச் சண்டை போடுவேன்?

அடுக்களையில் மருமகள் விளக்குத் தேய்க்கப் புளி கரைக்கிறாள். நாளைக்கு ஆயுத பூஜை. உன் கல்லைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருக்கிறேன்.