ஏரிக்கரையில் முதல் வெட்டு

என் பிரியமுள்ள ஞானமுத்து மச்சானுக்கு,

நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தவரை உன் முகத்துக்கு நேரே பேசத் தயங்கியவர்கள் எல்லாம் இப்போது தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு உன்னை அலசுகிறார்கள். பஞ்சாயத்துத் தலைவராக இருந்து, தேர்தலில் தோற்று, வீட்டோடு அடங்கிவிட்ட ஒரு மனிதனைப் பற்றி ஊருக்கு இத்தனை அபிப்பிராயம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

முன்கோபி என்கிறார் ஒருவர். படித்துப் பார்க்காமல் ஒரு தாளிலும் கையெழுத்துப் போடமாட்டார் என்கிறார் இன்னொருவர். சலூனில் ஒருவர், ஊருக்குக் குழாய் கொண்டுவந்தது நீதான் என்றார். “ஆமா, மொதல்ல எந்தத் தெருவுக்குப் போட்டாரு? சர்ச் தெருவுக்குத்தானே?” என்று பாதி முகத்தில் சோப்போடு மற்றொருவர் திரும்பினார். திரும்பியவர் என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். உன்னைத் தோற்கடித்து உன் நாற்காலியில் உட்கார்ந்தவன் நான். உன் மனைவிக்கு அண்ணனும் நான். என் எதிரில் உன்னைப் புகழ்வதா, ஏசுவதா? அவர்களுக்குப் புரியவில்லை. எனக்கு மட்டும் புரிந்ததா என்ன?

பஞ்சாயத்து ஆபீஸில் உன் படத்தை மாட்ட வேண்டும் என்று உறுப்பினர்கள் கேட்டார்கள். ஊரைக் கேட்டுச் செய்வோம் என்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டோம். எஸ்தர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைப் புடவையில் என் தங்கையைப் பார்க்க எனக்கு இன்னும் பழகவில்லை, மச்சான்.

ரயில்வேயில் கார்டாக இருந்து ரிடையர் ஆனவர் உன் நேர்மையைப் பற்றி நீளமாகப் பேசினார். அவர் உட்கார்ந்ததும் கீழத்தெரு கன்னியம்மாள் எழுந்தாள். உனக்கு அவளைத் தெரியும். மூன்று பிள்ளைகளோடு செங்கல் சூளைக்குப் போய்க்கொண்டிருந்தவள்.

“படம் மாட்றது உங்க இஷ்டம். ஆனா நாங்க அந்தப் பக்கம் வந்தா தல நிமிந்து பாக்க மாட்டோம். ஏரிய வெட்டி எங்க தெருவ தண்ணியில வுட்டவரு அவரு. எம்புள்ளைங்க கட்டின துணியோட நின்னுச்சுங்க. அப்பால வந்து கீத்து குடுத்தாரு, அரிசி குடுத்தாரு. இல்லன்னு சொல்லல. ஆனா வூடு போனது போனதுதானே?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தேர்தலில் நான் மேடைக்கு மேடை பேசியது அதைத்தானே? “ஏரியை வெட்டின கைக்கா உங்கள் ஓட்டு?” கீழத்தெருவின் ஓட்டு மொத்தமும் எனக்கு விழுந்தது. நான் ஜெயித்ததே அந்த ஒரு வரியால்தான்.

எனக்கு அந்த மழை ஞாபகத்துக்கு வந்தது. மூன்று நாள் விடாமல் கொட்டி, நான்காம் நாள் காலையில் ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. உபரித் தண்ணீர் கலங்கல் வழியாகப் போவது போதவில்லை. நடுக்கரையில் கசிவு. அங்கே உடைந்தால் ஊர் முழுக்கப் போகும், பிள்ளைகளோடு போகும். தென்கோடியில் வெட்டிவிட்டால் கீழத்தெருவோடு நிற்கும். நீ ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாய். ஜெபம் செய்தாயா என்று நான் உன்னைக் கேட்டதில்லை. பிறகு கீழத்தெருவுக்கு ஓடினாய். வீடு வீடாகக் கதவைத் தட்டி, கிழவர்களைத் தோளில் தூக்கி, எல்லாரையும் சர்ச்சுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை கடப்பாரையைத் தொடக்கூடாது என்று எங்களுக்குக் கட்டளை.

நான் தொட்டேன்.

நடுக்கரைக்குக் கீழே கதிர் முற்றிய என் வயல் இருந்தது. கசிவு என் வரப்பைத் தொடுவதைப் பார்த்தேன். நீ திரும்பி வருவதற்குள் தென்கோடியில் முதல் வெட்டை நான் போட்டேன். கூட இருந்தவர்கள் நீதான் சொல்லியனுப்பினாய் என்று நினைத்துத் தொடர்ந்தார்கள். நீ கடைசி வீட்டில் இருந்தாய். இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு பிள்ளையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நீ வெளியே வந்ததைக் கரைமேல் நின்று பார்த்தேன். மனித உயிர் எதுவும் போகவில்லை. கர்த்தர் கிருபை. ஆனால் இன்னும் அரை மணி நேரம் நான் பொறுத்திருந்தால் அவர்கள் பாத்திரம் பண்டத்தையாவது எடுத்திருப்பார்கள், ஆட்டை அவிழ்த்திருப்பார்கள்.

உனக்குத் தெரியும். கரையில் என் கையைப் பார்த்தாய், என் முகத்தைப் பார்த்தாய். தேர்தல் சமயத்தில் தாங்கமாட்டாமல் நானே உன்னிடம் கேட்டேன், ஏன் சும்மா இருக்கிறாய் என்று. சைக்கிளைத் துடைத்துக்கொண்டே சொன்னாய்: “எஸ்தருக்கு அம்மா வூடுன்னு இருக்கிறது உன் வூடு ஒண்ணுதான்டா. அந்த வாசலை நான் மூடணுமா?”

அதைக் கேட்ட பிறகும் மறுநாள் மேடையேறி அதே வரியைப் பேசினேன், மச்சான்.

கன்னியம்மாள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். நான் எழுந்தேன். எப்படி ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. முதல் வெட்டு என்னுடையது என்றேன். வெட்டச் சொல்லி முடிவு எடுத்தது அவர்தான். ஆனால் உங்கள் சாமானை எடுக்க விடாமல் செய்தவன் நான், என் வயலுக்காக, என்றேன்.

முன்வரிசையில் யாரோ “சேச்சே” என்றார்கள். எனக்கா, என் பேச்சுக்கா, தெரியவில்லை. எஸ்தர் எழுந்து யாரையும் பார்க்காமல் வெளியே போனாள்.

“அப்ப இத்தினி வருசம் அந்தாளு இன்னாத்துக்கு வாயத் தொறக்கல?” என்றாள் கன்னியம்மாள். அவள் குரல் அடங்கிப்போயிருந்தது.

“என் தங்கச்சிக்காக” என்றேன்.

பதவியை ராஜினாமா செய்வதாகச் சொன்னேன். அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. “நீ பாட்டுக்கு எழுதிக் குடுத்துட்டு வூட்டுக்குப் போயிடுவ. மலையடியில எங்களுக்கு மேட்டு எடம் கேட்டு அவரு மனு எழுதினாரே, நாங்கல்லாம் கைநாட்டு வெச்சோமே, அது எங்க கீது? மொதல்ல அத்தச் சொல்லு!”

அது என் ஆபீஸ் பீரோவில் இருந்தது. பதவியேற்ற முதல் வாரமே பார்த்தேன். உன் கையெழுத்து இருந்ததால் அடியில் தள்ளினேன். வேறு காரணம் கிடையாது.

மறுநாள் காலை அதை எடுத்துக்கொண்டு கன்னியம்மாளோடும் இன்னும் நாலு பேரோடும் தாலுகா ஆபீஸுக்குப் போனேன். அன்றைக்கு நடக்கவில்லை. எட்டு முறை அலைந்தோம். போன வாரம் சர்வேயர் வந்து சங்கிலி போட்டு அளந்தார். கல் நட்டாயிற்று. பட்டா இன்னும் கைக்கு வரவில்லை, வரும் என்கிறார்கள். படத்தைப் பற்றி ஊர் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. மாட்டலாம் என்கிறார்கள் பாதிப்பேர். வெட்டச் சொன்னது அவர்தானே என்கிறார்கள் மீதிப்பேர். அவர்கள் சொல்வதும் பொய்யில்லை. நீ இருந்திருந்தால் அதைத்தான் முதலில் ஒப்புக்கொண்டிருப்பாய்.

எஸ்தர் மூன்று வாரம் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. நான் போனால் கதவைத் திறந்து, நாற்காலியைக் காட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள். நேற்று அவளே வந்தாள். சமையல்கட்டில் என் மனைவியோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்:

“அவருக்கு உன் மேல கோவம் இருந்ததில்லண்ணா. அது எனக்குத் தெரியும். எனக்கு இருக்கு. கொஞ்ச நாள் இருக்கட்டும். அதுக்காக வராம இருக்க மாட்டேன்.”

போய்விட்டாள். வெகுநேரம் வாசலிலேயே நின்றிருந்தேன்.

மச்சான், கன்னியம்மாளும் அவள் தெருக்காரர்களும் மலையடி மேட்டில் அடுப்பு மூட்டும்வரை நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கமாட்டேன். அதற்குப் பிறகு ஒரு நாளும் அதில் உட்காரமாட்டேன். யார் உன்னைப் பற்றி என்ன பேசினாலும், நான் இருக்கும் இடத்தில், எனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் விடமாட்டேன். எஸ்தர் எப்போது வந்தாலும் என் வாசல் திறந்திருக்கும்.

உன்னால் இன்னும் அண்ணனாக இருக்கும்,
எஸ்தரின் அண்ணன்,
உன் மச்சான் துரைராஜ்