செவ்வாய்க்குக் கொஞ்சம் களிமண்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

கப்பல் அடுத்த துறைமுகம் சேரும்போது இது உங்கள் கைக்கு வந்துவிடும். எஞ்சின் அறைச் சூட்டில் தண்ணீர் குடிக்க மறந்துவிடுவீர்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். போனில் சொல்ல வேண்டிய விஷயம்தான். ஆனால் உங்கள் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

ஸ்கேன் எடுத்தோம். இரண்டு குழந்தைகளுக்கும் துடிப்பு நன்றாக இருக்கிறது. ஆனால் ஒன்று வளர்ந்த அளவுக்கு இன்னொன்று வளரவில்லை. இரண்டுக்கும் போகிற சத்தில் பெரியது கூடுதலாக இழுத்துக்கொள்கிறதாம். "இப்பவே பயப்பட வேண்டாம்மா, அடுத்த வாரம் மறுபடி பாக்கலாம்" என்றார் டாக்டர். அந்த 'இப்பவே'தான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. பெரியது அப்படியே அப்பாவைக் கொண்டிருக்கிறது, தன் தட்டைக் காலி செய்துவிட்டு அடுத்தவர் தட்டில் கை வைக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. சின்னதுக்குப் பொடிசு என்று பேர் வைத்திருக்கிறேன்.

பள்ளிக்கூடத்துக்கு லீவு போடச் சொல்கிறார் அம்மா. வீட்டில் இருந்தால் நாள் முழுக்க வயிற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். டாக்டரும் போகலாம் என்றதால் போகிறேன்.

இந்த வாரம் ஆறாம் வகுப்புக்குக் கோள்களின் அளவு. மேஜைமேல் ஒரு கால்பந்தை வைத்து, இது வியாழன் என்றேன். அப்படியானால் பூமி ஒரு பெரிய கோலிக்குண்டு, செவ்வாய் வெறும் கொண்டைக்கடலை. கடைசி பெஞ்சுப் பெண் எழுந்து, "செவ்வாய் மட்டும் ஏன் மிஸ் வளரல?" என்று கேட்டாள். வியாழன் முதலிலேயே பெருத்துவிட்டதால் செவ்வாய்க்குச் சேர வேண்டியது சேராமல் போயிருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள் என ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டு, தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போய் நின்றுவிட்டேன்.

மறுநாள் எல்லோரும் வீட்டுப்பாடமாகக் கோள்களைக் களிமண்ணில் செய்துகொண்டு வந்தார்கள். அந்தப் பெண்ணின் செவ்வாய் பூமி அளவுக்கே இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "பாவமா இருந்துச்சு மிஸ், கொஞ்சம் சேத்து வெச்சேன்" என்றாள். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் மார்க்கை வெட்டுகிறவள் நான், உங்களுக்குத் தெரியாததா. முழு மார்க் போட்டேன். தலைமையாசிரியை பார்த்துவிட்டு, "அளவு தப்பா இருக்கே டீச்சர்" என்றார். இருந்துட்டுப் போகட்டும் மேடம் என்று சொல்லி, அதை என் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மாவிடம் சொல்ல முடியாது, அவர் என்னைவிடப் பயந்துபோயிருக்கிறார். கேப்டனிடம் கேட்டு, எப்படியாவது சீக்கிரம் வந்துவிடப் பாருங்கள்.

குழந்தைகளுக்குத் தொப்பி வாங்க வேண்டும், என்ன அளவு என்று போன தடவை கேட்டிருந்தீர்கள். பொடிசுக்கு என்று சின்னதாகத் தேட வேண்டாம். இரண்டையும் ஒரே அளவில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
நாங்கள் மூன்று பேரும்.