கவிழ்ந்தே கிடந்த கொப்பரை

என் கண்ணான மகன் ஒபதியாவுக்கு, அம்மா ஹெஸ்டர் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, ஆண்டவர் நடத்துகிறார். அங்கே சிகாகோவில் நீயும் ரூத்தும் சுகமென்று அறிய ஆசை. பிள்ளைத்தாச்சியைப் பனியில் தெருக்குழாய்க்கு அனுப்பாதே, தண்ணீரை நீயே தூக்கு, தேய்ந்துவிட மாட்டாய். பிள்ளைக்கு இப்போதே பெயர் பேசி வைப்பதும் வேண்டாம், பெயர் தானாக வரும். உனக்கு வரவில்லையா? நீ பிறந்த பிறகு வடக்குப் படையின் முகாமில் போதகர் வேதாகமத்தை விரித்துப் பிடிக்க, அப்போது எழுத்தே அறியாத நான் கண்ணை மூடி விரல் வைத்த இடத்தில் வந்த பெயர் அது. அதற்குமுன் அப்படி ஒரு பெயரை நான் கேட்டதுகூட இல்லை.

போன கடிதத்தில் நீ கேட்டதற்கு வருகிறேன். "இங்க வந்து எங்களோட இரும்மான்னா வரமாட்டேங்குற, அந்தப் பாழடைஞ்ச பங்களாவுக்குப் பின்னால எதைக் காவல் காக்குற, நம்மள விட்டுட்டு ஓடிப்போன ஆளுக்காகவா" என்று எழுதியிருந்தாய். சொல்கிறேன், கேள். உன்னை வயிற்றில் சுமந்திருந்தபோதுதான் வடக்குக்கும் தெற்குக்கும் நடந்த சண்டை ஆற்றங்கரைக்கு வந்தது. பெல்வுட் பங்களா எஜமானி வெள்ளிச் சாமான்களையெல்லாம் புதைத்தாள், பிறகு பயத்தில் எங்கே புதைத்தோம் என்பதை அவளே மறந்துபோய்த் தோட்டம் முழுக்கத் தோண்ட வைத்தாள். அதற்குள் காயம்பட்ட தெற்குப் படையாட்களைக் கொண்டுவந்து, நடனமாடும் கூடத்தில் வரிசையாகப் போட்டார்கள். விருந்து மேஜையில் வைத்துக் கால் அறுத்தார்கள். அறுத்ததைக் கூடையில் சுமந்துபோய்ப் புதைத்தது உன் அப்பா ஐசம். சாம்பல் தண்ணீர் ஊற்றி நான் எவ்வளவோ தேய்த்தேன், கூடத்துத் தரையில் அந்த ரத்தக் கறை போகவில்லை, மழை நாளில் இன்றைக்கும் பலகை சிவக்கும்.

நாங்கள் அப்போது அந்தப் பங்களாவின் அடிமைகள், விடுதலை கேட்டு ஜெபிப்பது எஜமானர்கள் காதில் விழுந்தால் தோலை உரித்துவிடுவார்கள். அதனால்தான் துணி வேகவைக்கும் இரும்புக் கொப்பரையை வாசலில் கவிழ்த்து வைப்போம், சத்தத்தை அது விழுங்கிக்கொள்ளும், கவிழ்ந்திருக்கும்வரை வெளியே விடாது. அப்பா கடைசியாக ஜெபித்தபோது கொப்பரைக்குள்ளேயே தலையை விட்டு ஜெபித்தார். என்ன கேட்டீர்கள் என்றேன். "அது எனக்கும் ஆண்டவருக்கும்தான் ஹெஸ்டர்" என்றார், அவ்வளவுதான். மறுநாள் வடக்கின் நீலச்சட்டைப் படையில் சேரப் போனவர் திரும்பவே இல்லை. நமக்காகக் கேட்டாரா, தான் தப்பிக்கக் கேட்டாரா என்று நானும் நினைக்காத நாள் இல்லை, பொய் சொல்வானேன். அந்தக் கொப்பரையை நிமிர்த்தாமலே நகர்த்தி மலைவேம்பு மரத்தடியில் கவிழ்த்து வைத்தேன், முகாமிலிருந்து திரும்பி வந்தபோதும் அப்படியே இருந்தது. கேட்டவர் எவருக்கும் கொடுக்கவில்லை.

இந்த வசந்தத்தில் வடக்கத்திக்காரர் ப்ரூவர் பங்களாவை வாங்கினார். அவர் மனைவி நல்ல மனசுக்காரி, ஆனால் கை சும்மா இருக்காது. நான் பருத்திக்காட்டுக்குப் போயிருந்தபோது கொப்பரையைத் தூக்கிவரச் சொல்லி, நிமிர்த்தி, மண்ணைக் கொட்டி, முன்படியில் பூச்செடி நட்டுவிட்டாள். மலைவேம்படியில் வட்டமாக வெளுத்த புல்லைப் பார்த்ததும் அவளிடம் ஓடினேன். போய் அழுதேன். "பழைய சட்டிக்கா இவ்வளவு அழுகை, புதுசு வாங்கித் தர்றேன் ஹெஸ்டர்" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. பட்டப்பகலில் கூடத்தில் ஓர் ஆண்குரல் கேட்கத் தொடங்கியது. அவர்கள் நாய் வாசற்படி தாண்ட மறுத்தது. ப்ரூவர் தரைப்பலகையைப் பெயர்த்துப் பார்த்தார், வெறும் மண். "யாரோ தரையில வாயை வச்சுப் பேசுறாங்க, ஒரு வார்த்தையும் புரியல" என்று அந்த அம்மா வெளிறிப்போய் நம் குடிசைக்கு ஓடிவந்தாள். என்னோடு பருத்திக்காட்டில் வேலை செய்யும் டெம்பி அத்தையை உனக்குத் தெரியுமே, அவளா வாயை மூடுவாள். "ஒரு மனுஷன் ஜெபத்தைக் கீழ கொட்டிட்டீங்களே அம்மா, அது எங்க போகும், அவன் ரத்தம் சுமந்த எடத்துக்குத்தான் போகும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்.

என்னை அழைத்தார்கள். முன்வாசல் வழியாக அந்த வீட்டுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. கறைமேல் காதை வைத்துப் படுத்தேன். பலகை ஐஸாகக் குளிர்ந்தது. முதலில் மூச்சு. பிறகு உன் அப்பாவின் குரல், சளி கட்டின அதே குரல், மகனே! "என்னை எடுத்துக்கோ ஆண்டவரே, ஹெஸ்டரை விட்டுடு, என் ஒபதியா சங்கிலி படாமப் பொறக்கணும்." இதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னார். நீ அப்போது என் வயிற்றில் இருந்தாய். அந்தப் பெயர் என் விரலுக்கே இன்னும் வந்திருக்கவில்லை.

பூச்செடியைப் பிடுங்கிவிட்டு, கொப்பரையைக் கொண்டுபோய் அந்தக் கறைமேல் கவிழ்த்தேன். குரல் நின்றது. எடுத்துக்கொண்டு போய்விடு என்று ப்ரூவரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். வாய் திறக்காதபடி அடியில் பலகை வைத்துக் கட்டிவிட்டேன். முன்பைவிடக் கனக்கிறது.

ஆகையால் வருகிறேன். ஆண்டவர் உன்னையும் ரூத்தையும் வயிற்றுப் பிள்ளையையும் செட்டைகளின் கீழ் மூடிக் காப்பாராக. ரயிலடிக்கு நீயே வா, கூலியாள் கையில் கொப்பரையை விடாதே. வாசல் பக்கம் ஓர் இடம் ஒதுக்கி வை, எவரும் அதை நிமிர்த்தக் கூடாது. இனி அவரை 'ஓடிப்போன ஆளு' என்று எழுதாதே, உன் அப்பாவையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
ஹெஸ்டர்